முயல் ஒளிந்த இடம்

நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் நடந்த பள்ளி விழா அது. பிள்ளைகள் வந்திருந்தார்கள். நான் அலைந்து கேட்டதில், நூலகத்துக்குப் பணம் தருவதாகச் சொன்ன பனியன் கம்பெனி முதலாளியும் வந்திருந்தார். ஷிப்டில் இருந்த பெற்றோர்தான் வரவில்லை.

பிள்ளைகளோடு பேச அழைத்திருந்த எழுத்தாளர், சிரிப்புக் கதைகள் எழுதுபவர், சிரிக்கவே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

ஒரு சிறுமி எழுந்தாள். "ஏனுங்க, உங்க கதையில முயல்குட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போகுதே. சின்னவங்க வேலை செய்யறாங்களான்னு பனியன் வாங்கற வெள்ளைக்காரங்க பார்க்க வந்தா, அது எங்கீங்க ஒளியும்?"

கண்ணாடியைத் துடைத்தார். "நீ எங்க கண்ணு ஒளிஞ்சுக்குவே?"

"வேஸ்ட் துணி மூட்டைக்குப் பின்னாலீங்க."

"முயலும் அங்கதான் கண்ணு. காது மட்டும் வெளிய தெரியும்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி எழுந்து போய்விட்டார்.

எழுத்தாளர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. அந்தப் பதிலுக்கு எங்கள் நூலகம் கொடுத்த விலை இருபதாயிரம் ரூபாய்.