அம்மா வாங்காத பனிச்சறுக்குச் சப்பாத்து

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு வெளிவிவகாரம் முழுவதும் என் கையில் இருந்தது. டொக்டரைச் சந்திக்க டெர்மின் என்று நேரம் எடுப்பது, பாடசாலைக் கடிதங்களை வாசித்துச் சொல்வது, கடைக்காரரோடு பேசுவது எல்லாம் நான்தான். அம்மாவுக்கு ஜெர்மன் ஓடாது என்று அப்பா சொல்லுவார். அம்மா அதை மறுத்ததில்லை.

மியூனிக்கில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் அம்மாவுக்கு வேலை. அந்தக் குளிர்காலத்தில் கூட வேலை செய்த பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனிச்சறுக்குக்குப் போவதாக முடிவெடுத்து அம்மாவையும் கூப்பிட்டார்கள். ஜெர்மனிக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் அம்மாவை யாரும் எங்கேயும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பலகைகளை ஒருத்தி இரவல் தருவாளாம். சப்பாத்து மட்டும் அவரவர் காலுக்கு ஏற்றதாக இருக்கவேண்டுமாம். அம்மா இரண்டு நாளாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

எனக்கு அம்மா போவது பிடிக்கவில்லை. ஞாயிறுகளில் அப்பா ரெஸ்ரோறன்ட் வேலைக்குப் போய்விடுவார். வகுப்பில் என்னோடு பேசுவதற்கு ஒருத்தியும் இல்லை. கிழமை முழுக்க நான் காத்திருந்தது அம்மா வீட்டில் நிற்கும் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

சப்பாத்து வாங்க அம்மாவோடு நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நரைத்த மீசைக்காரர். முதலில் கொண்டுவந்த சோடியைப் போட்டதும் அம்மா முகம் சுளித்தார்.

"கட்டை மாதிரிக் கிடக்கு பிள்ளை. ஆடுசதையை நெரிக்குது."

இதை நான் ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன். அவர் உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். பெண்களுக்கென்றே செய்தது, ஆடுசதைக்கு இடம்விட்டு மேல்விளிம்பைத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள் என்றார். நிமிர்ந்து நின்றால் கால்விரல் நுனி முன்னால் முட்டவேண்டும், முழங்காலை மடித்தால் விலகவேண்டும் என்று தானே நின்று மடித்துக் காட்டினார். அம்மாவும் மடித்தார். சப்பாத்தும் கூடவே வளைந்து கொடுத்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் சந்திரனில் இறங்கியவர் மாதிரி இரண்டு தரம் நடந்தார்.

கடைக்காரர் சிரித்தார். இது 'வைஹ்', மென்மையானது, எந்தச் சரிவுக்கும் தோதானது, இவருக்கு அளவாக இருக்கிறது என்றார்.

"என்னவாம் பிள்ளை?"

"இது கூடாதாம் அம்மா. சரியான விறைப்பாம். உங்களுக்கு ஏலாதாம், கால் முறியுமாம்."

அம்மா கடைக்காரரின் சிரித்த முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பிடியோ சொன்னவர்?"

"ஓம்."

அம்மா குனிந்து கொளுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "அப்ப வேண்டாம், வா போவம்." கடைக்காரருக்கு நன்றி சொல்ல அம்மாவுக்கு என் உதவி தேவைப்படவில்லை. மனிதர் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றார்.

அந்தப் பெண்கள் மறுபடி அம்மாவைக் கூப்பிடவே இல்லை.

போன வருடம் எனக்கென்று அதே மாதிரிச் சப்பாத்து வாங்கப் போனேன். விற்பனைப் பெண் அதே 'வைஹ்' என்ற சொல்லைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. சலவைப் பகுதியில் அம்மா நாள் முழுக்கத் தூக்கி ஊற்றியது துணியை மென்மையாக்கும் நீலத் திரவம். அந்தப் போத்தலில் கொட்டை எழுத்தில் 'வைஹ்' என்றுதான் தொடங்கும். எங்கள் குளியலறையிலும் ஒன்று இருந்தது. அம்மாவுக்கு வேறு எந்த ஜெர்மன் சொல் தெரியாமல் இருந்தாலும் அது தெரியாமல் இருந்திருக்காது. அவருக்கும் ஒரு சிநேகிதி வேண்டியிருந்தது என்பதை நினைக்க இப்போது நெஞ்சு வலிக்கிறது.

மற்றப் பெண்கள் மலைக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். வெளியே பனி கொட்டியது. நான் வென்றுவிட்ட சந்தோஷத்தில், நல்ல பிள்ளையாகக் கேட்டேன்.

"மலைக்குப் போகேலாமப் போனது கவலையோ அம்மா?"

"நான் போனா நீ தனியப் பயந்துகொண்டு எல்லோ இருப்பாய்."

தனியே இருக்கப் பயம் என்று நான் அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அது எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. மற்றப் பின்னலுக்குத் தலையைத் திருப்பிக் கொடுத்தேன்.