அம்மா விட்டுவந்த கார்

அந்த டிரைவிங் ஸ்கூல் கார் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பழைய வெள்ளைக் கார். முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் 'எல்'. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வெயில் ஏறும் முன்பே வந்து நின்று ஒரே ஒரு ஹாரன் அடிக்கும். அம்மா காட்டன் புடவையைக் கால் தடுக்காதபடி தூக்கிச் செருகிக்கொண்டு, பொதுத்தேர்வுக் கண்காணிப்புக்குப் போகும் நாட்களில் வைத்துக்கொள்ளும் அதே முகத்தோடு படியிறங்குவார். அறுபதைத் தாண்டி ஓய்வும் பெற்றுவிட்ட கணக்கு டீச்சர் அவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்குக் காலடியில் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார், அந்த மனிதர் கீழே காலாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். "இன்னா மேடம், சூப்பரா ஓட்டிகினு கீறீங்க!" என்று பாராட்டு வேறு. வாழ்நாள் முழுக்க யாருக்கும் அரை மார்க்கூட இனாமாகப் போடாத அம்மா, அந்தப் பாராட்டை மட்டும் அப்படியே நம்பிவிட்டார். லைசென்ஸும் வந்துவிட்டது. தன் கால் பிரேக்கை ஒருநாளும் தானாக மிதித்ததில்லை என்ற சங்கதி, அப்பாவின் காரை முதல்முறையாக எடுத்த அன்று எதிர்வீட்டு முருங்கை மரத்தடியில்தான் தெரியவந்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்கள் கொஞ்சம் உதிர்ந்தன. எதிர்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், அந்தக் காய்களையும் எங்களிடமே கொடுத்தனுப்பினார்கள்.

அந்த வயதில் அம்மா ஏன் வண்டி ஓட்டக் கிளம்பினார் என்றால், அதற்குக் காரணம் என் தம்பி. அவன் பெங்களூரில் இருக்கிறான். அப்பா இறந்த பிறகு அம்மா ஊரப்பாக்கம் வீட்டில் தனியாக இருந்தார். நான் அஸ்தினாபுரத்தில் இருக்கிறேன், நினைத்த நேரத்தில் ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. ஒரு மழைநாளில் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். எந்த ஆட்டோவும் தெருவுக்குள் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இதைக் கேள்விப்பட்ட தம்பி கலங்கிப்போனான். கலங்கினால் அவனுக்குக் கோபம்தான் வரும், அது அப்பாவிடமிருந்து வந்த குணம். "வாசல்ல கார் சும்மா நிக்குது. ஒண்ணு நீ அதை ஓட்டக் கத்துக்கோ. இல்லன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்கூட வந்துடு. ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான். பெங்களூர் மகனிடம் போய் இருப்பதில் என்ன குறை என்று கேட்கலாம். ஒரு குறையும் இல்லை. மருமகள் தங்கமான பெண். ஆனால் ஊரப்பாக்கம் வீடு, அம்மாவும் அப்பாவும் இரண்டு சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டியது. அதில் தன் விருப்பத்துக்கு எழுந்து, தன் விருப்பத்துக்குச் சமைத்து, சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வாழ்வது ஒரு வாழ்க்கை. ஹாலில் டிவியைப் பார்த்தபடி, "இப்போ போடட்டுமா காபி?" என்று யாராவது கேட்கக் காத்திருப்பது வேறொரு வாழ்க்கை. இரண்டாவது வேண்டாம் என்பதற்காகத்தான் அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

பயம் என்றால் சும்மா பயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் சர்ச்சில் ஆராதனை என்றால் சனிக்கிழமை மாலையே அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. அம்மா ரோட்டை ஒரு கணக்குப்போலத் தனக்குள் போட்டுப் பார்ப்பார்: வண்டலூரில் லாரிகள் வந்து சேரும் இடம், பெருங்களத்தூரில் ஆட்கள் தடுப்புச்சுவரைத் தாண்டிக் குதிக்கும் இடம், எந்தப் பேருந்து எந்த இடத்தில் திடீரென்று இடதுபக்கம் ஒதுங்கும் என்பது. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், அங்கே ஹாரன்தான் பேச்சுமொழி. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பை ஒரு பார்வையில் அடக்கிய அம்மாவுக்கு, பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தால் கண் கலங்கிவிடும். வெளியே சொல்லமாட்டார். "எல்லாம் பழகிடும்" என்று நாங்கள் சொல்வோம். எங்களுக்காக அவரும் தலையாட்டுவார்.

பழகியதா என்றால் பாதி பழகியது. எங்கள் தெருவிலிருந்து தாம்பரம் போக, மெயின் ரோட்டில் இடதுபக்கம் திரும்பினால் போதும். அது அம்மாவால் முடிந்தது. திரும்பி வருவதுதான் சிக்கல். வீட்டைத் தாண்டிப் போய், எதிரே சீறிவரும் லாரிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து வலதுபக்கம் வளைந்து வரவேண்டும். அம்மாவால் அது ஆகவே ஆகவில்லை. ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் காரில் ஆராதனைக்குப் போவார். முடிந்ததும் காரை ஆலயத்து வளாகத்திலேயே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, நடந்து ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார்! மறுநாள் என் கணவர் அலுவலகம் முடிந்து காரை எடுத்துப்போய் ஊரப்பாக்கத்தில் விட்டுவிட்டு, அவரும் ரயிலில் திரும்புவார். உலகத்தில் ஒரு காரை வைத்துக்கொண்டு இத்தனை பேர் ரயிலில் போனது எங்கள் குடும்பத்தில்தான் இருக்கும். ஆலயத்தைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளை ஒருமுறை எனக்கே போன் போட்டுவிட்டார். "அக்கா, டீச்சரம்மா வண்டிய மறந்துட்டுப் போய்ட்டாங்க போல கீது, நாளைக்கு இங்க கல்யாணம், பந்தல் போடணும்" என்றார். தம்பிக்கு மட்டும் இதில் முன்பாதிதான் போய்ச் சேர்ந்தது. அம்மா வாராவாரம் ஆலயத்துக்குக் காரில் போகிறார் என்பது பொய் இல்லையே. அவன் அங்கே எல்லோரிடமும் அம்மா கார் ஓட்டும் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அறுப்பின் பண்டிகைக்கு அவன் வந்தான். எங்கள் ஆலயத்தில் அன்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அம்மா கொல்லையில் விளைந்த பூவன் வாழைத்தார் ஒன்றை அதற்கென்றே பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தார். அதை டிக்கியில் ஏற்றினோம். தம்பி சாவியை எடுத்து அம்மா கையில் வைத்தான். "நீ ஓட்டும்மா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், பாக்கணும்" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு ஆசை. நான் பின்னால் உட்கார்ந்தேன். இடதுபக்கம் திரும்பினோம். அம்மா நன்றாகத்தான் ஓட்டினார். தம்பி பூரித்துப்போய் இரண்டு முறை "சூப்பர்மா" என்றான். பெருங்களத்தூர் நெருங்கும்போது ஒரு பைக் எங்கள் முன்னால் குறுக்கே பாய்ந்தது. அம்மா பிரேக்கை மிதித்தார். வண்டி சரியாக நின்றது. பின்னால் வரிசையாக ஹாரன்கள். அம்மா இடதுபக்கம் இண்டிகேட்டர் போட்டு, அளந்தெடுத்ததுபோல ஒரு பேருந்து நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றான் தம்பி.

"வேணாம். எனக்குப் பயமா இருக்குடா" என்றார் அம்மா. "முதல் நாள்லேருந்தே பயமாத்தான் இருக்கு. உனக்காக ஓட்டினேன். இனிமே ஓட்டமாட்டேன். ஆனா என் வீட்டை விட்டும் வரமாட்டேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னியே, ரெண்டும் இல்ல. அவ்வளவுதான்."

சாவியை அவன் மடியில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எங்களுக்குப் பின்னால் தாம்பரம் பேருந்து ஒன்று வந்து நின்று ஹாரனை அலறவிட்டது. எந்தச் சத்தத்துக்கு இத்தனை நாள் உடம்பு நடுங்கினாரோ, அந்தச் சத்தத்தை நோக்கியே அம்மா விறுவிறுவென்று நடந்துபோய் அந்தப் பேருந்திலேயே ஏறிவிட்டார். நான் ஒரு கணம் தம்பியைப் பார்த்தேன். பிறகு கதவைத் திறந்துகொண்டு அம்மாவின் பின்னால் ஓடினேன். கண்டக்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "இன்னாம்மா இது, கார நடுவுல வுட்டுட்டு பஸ்ல ஏறிகினு, ஒரே பேஜாரா கீதே!" என்றார். "காரை ஓட்ட ஆள் இருக்குப்பா. தாம்பரம் ரெண்டு குடுங்க" என்றார் அம்மா. "லேடீஸுக்கு ஃப்ரீம்மா." "கார்ல வந்த லேடீஸுக்குமா?" என்று அம்மா கேட்க, பேருந்தின் முன்பகுதி முழுக்கச் சிரித்தது. ஜன்னலோரம் ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தார். அம்மா உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புலியூர் வருவதற்குள் நடுக்கம் நின்றுவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பெருமையில்தான். பயமில்லாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தன் பயத்தைப் பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, விட்டுக்கொடுக்கக் கூடாததை விட்டுக்கொடுக்காமல் இறங்கிப்போன ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

தம்பி வழியில் வெகுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு பண்டிகைக் கூட்டத்தில் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிவிட்டு வந்தபோது ஏலமே முடிந்துவிட்டது. தாரைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் நின்ற கோலத்தைப் பார்த்து, ஆராதனை நடத்திய ஆயர் அதைச் சாப்பாட்டுப் பந்திக்கு வாங்கிக்கொண்டார். பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்பி மெதுவாக ஆரம்பித்தான். "மறுபடி காய்ச்சல் வந்தா என்னம்மா பண்ணுவ?" அம்மா இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "காய்ச்சலோட நான் கார் ஓட்டிக்கிட்டுப் போவேனா? கணக்கே தப்பா இருக்கே, யோசிச்சுப் பாரு." நேராக ஆலயத்துக்கு வந்து எதிரில் உட்கார்ந்திருந்த என் கணவருக்குப் புரையேறிவிட்டது. உண்மைதானே. இத்தனை நாள் நாங்கள் யாரும் யோசிக்காதது அது. அவசரத்துக்கு என்ன வழி என்பதை அம்மா பிறகு தானே பார்த்துக்கொண்டார். அடுத்த தெருவில் இருக்கும் ஆட்டோக்காரரின் மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அந்த ஆட்டோ எந்த மழைக்கும் எங்கள் தெருவுக்குள் வரும்.

காரை விற்றுவிட்டோம். நம் பக்கத்தில் கார் வாங்கினால் ஒருநாள் பேச்சு, விற்றால் ஒரு மாதப் பேச்சு. "பையன் ஒண்ணும் அனுப்பறதில்லையா டீச்சர்?" என்று நாசூக்காகக் கேட்டவர்கள் உண்டு. "அவன் அனுப்பறான். எனக்குத்தான் ரயில் பிடிச்சிருக்கு" என்று அம்மா சிரித்துக்கொண்டே போய்விடுவார். அப்பாவின் வண்டி தெருவைத் தாண்டிப் போனபோது தம்பி அழுதான், நானும் அழுதேன். அம்மா அழவில்லை. அன்று சனிக்கிழமை. நெடுநாளைக்குப் பிறகு இரவுச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டார் என்பதை நான் கவனித்தேன். எனக்குக் கார் ஓட்டப் பிடிக்கும். பல்லாவரம் நெரிசலில் புகுந்து புறப்பட்டு வருவதில் எனக்கொரு திமிரே உண்டு. ஆனாலும் என் வண்டி பழுதாகி நிற்கும் நாளில் எனக்குக் கைகால் ஓடுவதில்லை, அம்மாவுக்குத்தான் போன் செய்கிறேன். எந்தப் பேருந்து, எங்கே மாறவேண்டும், எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுக்கு நேரே இறங்கலாம் என்று சொல்லிக்கொண்டே வருவார். மாடம்பாக்கம் சித்தி வீட்டுக்கும் கேளம்பாக்கத்துப் பழைய மாணவி வீட்டுக்கும் அவர் போகாத மாதம் இல்லை. அப்பா இருந்த காலத்தில்கூட அம்மா இவ்வளவு ஊர் சுற்றியதில்லை.

இந்த வருடம் தம்பியின் மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. படுத்த படுக்கையாக இருக்கவேண்டும், வீட்டில் இரண்டு பிள்ளைகள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது, யார் போய்க் கூட்டிவருவது என்று அவன் என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தான். நான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதுதான் தெரியும். மறுநாள் காலை ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, பெங்களூரில் இறங்கிவிட்டார். தம்பி ஸ்டேஷனுக்குக் காரில் கிளம்பியிருக்கிறான். வழியிலிருந்து எனக்குப் போன் செய்தான். "அக்கா, நான் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். அம்மா மெட்ரோ புடிச்சு வீட்டுக்கே போய்ட்டாங்களாம். ரசம் வச்சிட்டிருக்காங்களாம்!" என்று கத்தினான். அவன் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் கேட்டதே இல்லை. கார் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களில்கூட.

மருமகள் எழுந்து நடமாடும்வரை அம்மா அங்கே இருந்தார். கிளம்பும் நாளன்று தம்பி, "இங்கயே இருந்துடேம்மா" என்றிருக்கிறான். இந்த முறை தீர்ப்பு இல்லை, கெஞ்சல். "உனக்கு முடியலைன்னா சொல்லு, வந்துடறேன். வழிதான் தெரியுமே" என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார். சாயங்காலம் நான் பதற்றமாகப் போன் செய்தேன். ஊரப்பாக்கம் வீட்டு அடுப்படியிலிருந்து, "வந்து சேர்ந்துட்டேன், வை, பால் பொங்குது" என்றார்.