வியாழக்கிழமை வகுப்பு

தமிழ் மன்றத்தின் குழுக் கூட்டம் நியூசிலாந்தின் மனுகாவில், கோதண்டராமன் வீட்டுக் கராஜில் நடந்தது. காரை வெளியே விட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். கோதண்டராமன் தலைவர், சென்னைக்காரர். சொந்த வீட்டுக் கராஜிலும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு உட்காருகிறவர்.

"கிராண்ட் பணம் கிடைச்சாச்சு," என்றார். "நூறு நாற்காலி, ஸ்பீக்கர் செட். பொங்கல் விழாவுக்கு முன்னாடியே கைக்கு வந்துடும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அதுவரை மன்றத்து விழாக்களில் வாடகை மண்டபத்தின் மரத்தரையில்தான் போர்வை விரித்து உட்கார்ந்தார்கள். முட்டி வலிக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள்.

"ஆர் தந்தது?" என்று கேட்டான் மகேசன். அவன் யாழ்ப்பாணத்துக்காரன், பொருளாளர்.

"ஒடாஹுஹுல ஒரு பப். மில்வே டாவர்ன்."

மகேசனின் மனைவி குணவதி முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். தட்டு அப்படியே நின்றது. செயலாளர் நல்லசாமி அதிலிருந்து இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

"பப்புல போக்கி மெஷின் வெச்சிருக்கான்ல," என்று கோதண்டராமன் விளக்கினார். "காசு போட்டுப் பட்டனை அமுக்குற சூதாட்டப் பெட்டி. அதுல வர்ற லாபத்துல ஒரு பங்கை ஊர்ச் சங்கங்களுக்குக் குடுத்தாகணும். சட்டம் அப்படி. ரக்பி கிளப்புக்குக் குடுக்கறான், கிண்டர்கார்டனுக்குக் குடுக்கறான். நாம கேட்டோம், நமக்கும் குடுத்தான்."

மில்வே டாவர்னின் பின்னறை குணவதிக்குத் தெரியும். இரண்டு வருடங்களாக வியாழக்கிழமை பிற்பகல்களில் அவள் அங்கேதான் இருந்தாள். அவள் ஆங்கில வகுப்பில் இருக்கிறாள் என்று மகேசன் நினைத்துக்கொண்டிருந்தான்.

போட்ட காசு எங்கே போகிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. மெஷினுக்குள் போனது, அவ்வளவுதான். இப்போது அது மெஷினின் பின்பக்கத்தால் வெளியே வந்து இந்தக் கராஜுக்குள் நின்றது.

"அந்தக் காசு எங்களுக்கு வேண்டாம்," என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டங்களில் அவள் பேசுவது வழக்கமில்லை.

"ஏன்க்கா?" என்றார் நல்லசாமி. அவர் மலேசியாக்காரர், ஈப்போவில் பிறந்தவர்.

"சூதாட்டக் காசு."

"எங்க ஊர்ல நாலு நம்பரு லாட்டரி அடிச்சா மொதத் தேங்கா மாரியம்மனுக்குத்தான்க்கா. ஆத்தாவே வாங்கிக்குது. நீங்க வேணாங்கிறீங்க."

சிரித்தார்கள். மகேசன்தான் அதிகம் சிரித்தான். "விடுங்கோ. உந்த இடங்களைப் பற்றி அவவுக்கு என்ன தெரியும்."

நல்லசாமி அடுத்ததைச் சொன்னார். "மேனஜரைச் சீஃப் கெஸ்டாக் கூப்பிடுவோம். ஒரு பொன்னாடையப் போத்தி அனுப்புவோம். குடுத்தவனுக்கு மரியாத பண்ணணும்ல."

"பண்ணணும். ஆனா வாசல்ல வரவேற்க யாரு? நல்லா இங்கிலீஷ் பேசணும்," என்றார் கோதண்டராமன்.

"குணவதி கதைப்பா," என்றான் மகேசன். "ரெண்டு வருஷமா வகுப்புக்குப் போறா. போன கிழமை பாங்கில முழுக்க அவதான் கதைச்சவ. நான் பக்கத்தில சும்மா நிண்டனான்."

அவன் குரலில் பெருமை இருந்தது. மேனேஜர் வாசலில் வந்து நின்று, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் குணவதி அந்த இடத்திலேயே கண்டுவிட்டாள்.

*

குணவதி நியூசிலாந்துக்கு வந்தது தொண்ணூறில். மகேசன் ஒடாஹுஹுவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தான். அவள் ஒரு சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்தாள். ஐந்து வருடம் ஒரு அறையில் வாடகைக்கு இருந்துவிட்டுத் தகனினியில் வீடு வாங்கினார்கள். வீட்டுக்கடன் தவணை அவன் சம்பளத்தில் போனது. அவள் சம்பளத்தை அவன் கேட்பதில்லை.

வீடு வாங்கிய அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து சனங்கள் போருக்குப் பயந்து இரவோடிரவாக வெளியேறியபோது, அவளுடைய தம்பி கைதடிப் பக்கம் ஷெல் விழுந்து செத்துப்போனான். செய்தி மூன்று வாரம் பிந்தி, டொரண்டோ வழியாகத் தொலைபேசியில் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களால் புது வீடு நிறைந்தது. குணவதி எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் எடுத்து வைத்தாள். "கல்லு மாதிரி நிக்கிறா," என்று மகேசன் சொன்னான். வந்தவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அது பாராட்டு.

அதற்கு அடுத்த மாதம் அவன் அவளை ஆங்கில வகுப்பில் சேர்த்தான். மனதுக்கு மாறுதலாக இருக்கும் என்றான். முதல் வகுப்பில் ஆசிரியை, சகோதரங்களைப் பற்றி ஆளுக்கு நாலு வரி சொல்லச் சொன்னாள். குணவதியின் முறை வந்தது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மழை. எதிரே திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தாள். சாப்பாட்டுக்கடை என்று நினைத்திருந்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. பின்னறையில் மெஷின்கள் சுவரைப் பார்த்தபடி வரிசையாக மின்னின. ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்ற கேள்வி வராமல் இருக்கக்கூடிய இடம் அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். உட்காருவதற்குக் காசு போடவேண்டியிருந்தது. போட்டாள்.

பிறகு அந்த மெஷினும் பிடித்துப்போனது. அதை மறைத்துச் சொல்ல முடியாது. புதன்கிழமை விரிப்பு மடிக்கும்போதே விரல்கள் மறுநாளை நினைத்தன.

மேனேஜர் டெஸ் பெரிய உடம்புக்காரன். அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து வைப்பான். சூடான சிப்ஸ் வைப்பான். 'குணா' என்று கூப்பிடுவான். மழையைப் பற்றி, தன் மகளைப் பற்றி, மீன்பிடிப் படகைப் பற்றிப் பேசுவான். அவளும் பதில் சொல்லக் கற்றுக்கொண்டாள். பாங்கில் அவள் பேசிய ஆங்கிலம் அங்கே வந்ததுதான்.

*

வாரக்கணக்காகத் தள்ளிப்போட்டு, பொங்கல் விழாவுக்கு முந்திய வியாழக்கிழமைதான், தன்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவேண்டாம் என்று டெஸ்ஸிடம் கேட்கப் போனாள். அவன் இல்லை. விடுமுறைக்கு மீன்பிடிக்கப் போயிருக்கிறான், சனிக்கிழமை காலையில்தான் வருவான் என்று கவுண்டரில் நின்ற பெண் சொன்னாள். விழா சனிக்கிழமை மாலை. குணவதி கொஞ்ச நேரம் நின்றாள். வந்ததற்கு ஒருமுறை என்று மெஷினில் உட்கார்ந்தாள். எழும்பும்போது பஸ்ஸுக்குக் காசில்லை. ஒடாஹுஹுவிலிருந்து பாதி வழி நடந்து, வேலைத்தலத்துச் சிநேகிதியின் காரில் ஏறி வீடு வந்தாள்.

விழாவன்று புது நாற்காலிகள் வரிசையாக நின்றன. நீல நிறம். பிளாஸ்டிக் உறை சிலவற்றில் இன்னும் உரிக்கப்படவில்லை. வயதானவர்கள் வெள்ளனவே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, எழும்பி, மறுபடி உட்கார்ந்து பார்த்தார்கள்.

குணவதி பன்னீர்ச்செம்போடு வாசலில் நின்றாள். மகேசன் அவளுக்குப் பின்னால் நின்றான். டெஸ் டை கட்டிக்கொண்டு வந்தான். வெயிலில் முகம் சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தான்.

அவள் முந்திக்கொண்டாள். "உங்களை முதல்முறையாகச் சந்திப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி, ஐயா," என்றாள் ஆங்கிலத்தில். பன்னீரை அவன் முகத்தில் தெளித்தாள். கொஞ்சம் அதிகமாகவே.

டெஸ் கண்ணைச் சிமிட்டினான். அவளுடைய பட்டுச்சேலையைப் பார்த்தான், செம்பைப் பார்த்தான். கைகளைத் தாழ்த்தி, அவளைப் போலவே விறைப்பாக, "எனக்கும் மகிழ்ச்சி," என்றான்.

"பாத்தியளே இங்கிலீஷை," என்றான் மகேசன் நல்லசாமியிடம்.

டெஸ் விளங்கிக்கொண்டான் என்று குணவதி நம்பினாள். ஆனால் டெஸ் அதைச் சடங்கு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தான். எல்லோரையும் முதல்முறை சந்திப்பதுபோல வரவேற்பது இவர்கள் மரபு என்று.

மேடையில் முதல் பொன்னாடை கோதண்டராமனுக்கு. அவர் கும்பிட்டு வாங்கினார். வழக்கம்போல அதைக் கழற்றிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கி, அன்று பொங்கலும் சாம்பாரும் வைத்த விநாயகமூர்த்தியின் தோளில் போர்த்தினார். மண்டபம் கை தட்டியது.

டெஸ் அதைக் கவனித்தான். பக்கத்தில் இருந்த நல்லசாமியிடம் என்னவென்று கேட்டான்.

நல்லசாமி உற்சாகமாக விளக்கினார். மரியாதை கிடைத்தவர், அதற்கு இன்னும் தகுதியான ஆளுக்கு அதைக் கொடுப்பது எங்கள் பண்பாடு என்றார்.

இரண்டாவது பொன்னாடை டெஸ்ஸுக்கு. அவன் தோளுக்கு அது முகம் துடைக்கும் துவாய்போல் இருந்தது. ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"இது எனக்குச் சேராது," என்றான் ஆங்கிலத்தில். "நான் காலையில் கதவைத் திறக்கிறேன், இரவில் பூட்டுகிறேன். இந்த நாற்காலிகளை வாங்கித் தந்தவர்கள் என் மெஷின்களின் முன் உட்காருகிற சனங்கள். உங்களில் ஒருவர் அதில் இருக்கிறார்."

குணவதி பின்சுவரோடு நின்றாள். டெஸ் இறங்கி வந்தான். நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டாக நடந்து வந்தான். பட்டுத்துணி அவள் தோளில் விழுந்தது. அவன் கை பாரமாக அதன்மேல் இருந்தது. மற்றக் கையில் ஒலிவாங்கி.

"குணா. இரண்டு வருடம், வியாழன் தவறாமல். முதல் நாள் வந்து மெஷின் முன்னால் இருந்து பகல் முழுக்க அழுதார். தம்பியைப் பறிகொடுத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். அப்போது இவருக்கு 'நன்றி' மட்டும்தான் தெரியும். இன்றைக்குக் கேட்டீர்களே, எப்படிப் பேசுகிறார்!"

முன்வரிசைகள் கை தட்டின. பொன்னாடை போர்த்தப்பட்டது, ஆகவே தட்டினார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் தட்டவில்லை. மண்டபம் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்ததைக் குணவதி பார்த்தாள். மகேசன் பணப்பெட்டி மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றிருந்தான். மேடையில் நல்லசாமி குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோதண்டராமன் மற்ற ஒலிவாங்கிக்கு விரைந்தார். "திரு. டெஸ் அவர்கள், நம்ம குணவதி அம்மாவோட ரெண்டு வருஷ சமூகத் தொண்டைப் பாராட்டிப் பேசினார்," என்று மொழிபெயர்த்தார்.

வயதானவர்கள் மறுபடி தட்டினார்கள். இந்த முறை இன்னும் பலமாக.

சாப்பாட்டின்போது குணவதியின் இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. டெஸ் மட்டும் பொங்கல் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஏதோ பிழையாகிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எது என்று தெரியவில்லை. "நான் பிழையாகச் செய்துவிட்டேனா?" என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

*

மோட்டர்வேயில் மகேசன் இடப்பக்கத் தடத்தை விடாமல் மெதுவாக ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் தாண்டிப் போனார்கள். அவன் எதைக் கேட்பான் என்று இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியும். எவ்வளவு காசு என்று கேட்பான். அதற்குப் பதில் வைத்திருந்தாள். அது பொய்.

"அழுதனீரோ?" என்று கேட்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் சொன்னது உண்மையோ? பகல் முழுக்க?"

"ஓம்."

"வீட்டில அழேல்லை."

"இல்லை."

"நான் ஒருநாளும் காணேல்லை. உமக்கு அழுகை வராது எண்டு நினைச்சன். ஆக்களுக்கும் அப்பிடித்தானே சொன்னனான்." அவன் குரல் சீறியது. "ஆரோ ஒரு பப்புக்காரனுக்கு முன்னால. அவன் மைக்கில சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டியிருக்கு."

"அவனுக்கு முன்னால இல்லை. அவன் நிண்டது எனக்குத் தெரியாது."

"பிறகு தெரியுந்தானே."

"தெரியும்."

"பிறகும் போனனீர்."

"ஓம்."

"அழவோ? விளையாடவோ?"

அதற்கு அவளிடம் பொய்கூட இருக்கவில்லை. முதல் சில வாரங்கள் எதற்குப் போனாள் என்று தெரியும். எந்த வாரத்தில் அது மாறியது என்று தெரியாது. "முதல் அழத்தான்," என்றாள்.

மகேசனின் தாடை அசைந்துகொண்டிருந்தது. பொன்னாடை இன்னும் அவள் தோளில்தான் கிடந்தது. அதை எடுக்க இருவருக்கும் தோன்றவில்லை.

"வாற வியாழக்கிழமை என்ன செய்யப்போறீர்?" என்று கேட்டான்.

போகமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில், மண்டபம் முழுக்க அவளைப் பார்த்து ஒரு மணித்தியாலம் கடந்திருக்காத அந்த நேரத்தில், வரிசையில் கடைசிக்கு முந்திய அவளுடைய மெஷின் வியாழக்கிழமை காலியாக இருக்குமா, யாராவது முந்திவிடுவார்களா என்று அவள் மனம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவளே பிடித்தாள். அன்று நடந்த எதையும்விட அது அவளை உலுக்கியது.

"இஞ்சருங்கோ," என்றாள். "எனக்குப் பயமாக் கிடக்கு."

மகேசன் காரை ஓரங்கட்டி நிறுத்தினான்.