வெள்ளத்தில் இறங்காத கார்

இதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மின்சாரக் காருக்குக் காப்புறுதி எடுத்தபோது, "வெள்ளத்துக்குத் தனியா கவரேஜ் எடுங்க அண்ணே. பேட்டரியில தண்ணி போனா கிளைம் பண்ண முடியாது லா" என்றார் முகவர்.

"கோயில்ல பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு, போதும் லா" என்று சிரித்தேன்.

தங்கை குடியிருக்கும் கிள்ளானில் வெள்ளம் ஏறிய காலையில் அவள் அழைத்தாள்.

"அண்ணே, தண்ணி வாசலுக்கு வந்துருச்சு. காரை எடுத்துட்டு வா."

எனக்குப் பேட்டரிதான் நினைவுக்கு வந்தது. "இங்க ரோடு மூடிட்டாங்கம்மா" என்று பொய் சொன்னேன்.

முகம் தெரியாத ஒரு லோரிக்காரர்தான் அவளையும் குழந்தையையும் காப்பாற்றினார்.

இப்போது வெள்ளத்துக்கும் சேர்த்தே காப்புறுதி எடுத்திருக்கிறேன். தங்கை வருகிறாள், பேசுகிறாள். காரில் கொண்டுபோய் விடவா என்று கேட்டால் மட்டும், கொளுத்தும் வெயிலிலும் சொல்கிறாள்: "வேணாம்ணே, ரோடு மூடியிருக்கும்."