புறங்கையில் ஒரு சொட்டு

பெரிய கடைவீதியில் அத்தர் விற்கிறவனுக்கு மூக்குதான் முதல். கொரோனா என் உயிரை விட்டுவிட்டு வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. காய்ச்சல் விட்டு மாதங்கள் ஆகியும் மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். வெளியே தெரிந்தால் எவன் என்னிடம் அத்தர் வாங்குவான்? வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வாசனை போச்சென்று நான் புலம்பியது அங்கே குறிப்பில் ஏறியிருந்தது. அதை வைத்து, தில்லை நகரிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். கொரோனாவில் போன வாசனை எப்போது திரும்புகிறது, திரும்பாதவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு கறுப்புக் குப்பிகள். முகர்ந்து பெயர் சொல்ல வேண்டும்.

குப்பிக்குள் மூக்கை நுழைப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத்தான் முகர்வோம். அவரும் சரியென்றார். அங்கேதான் என் திருட்டுப் புத்தி வேலை செய்தது. கிராம்பெண்ணெய் தோலில் சுறுசுறுக்கும், யூகலிப்டஸ் குளிரும், எலுமிச்சை தண்ணீராய் ஓடும், மிச்சம் ரோஜா. நாலுக்கு நாலு! முப்பது வருஷ அனுபவத்தை இப்படி ஒரு முட்டாள்தனத்துக்குச் செலவழித்தேன்.

மூன்றாம் மாதம் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பாய், கையை மூக்குக்கிட்ட கொண்டுபோறதுக்கு முன்னாடியே கிராம்புன்னு சொல்லிட்டீங்க."

"அப்ப நான் பொய் சொல்றேங்கறீங்களா?" என்று எகிறினேன்.

அவர் குரல் உயரவில்லை. "உங்களுக்கு வந்துடுச்சுன்னு எழுதினா, வராதவங்களை யாரு பாய் நம்புவா? தெரியலைன்னு சொல்றதும் எங்களுக்குப் பதில்தாங்க."

வெட்கமாக இருந்தது. அவர் பழைய தாள்களைக் கிழிக்கவில்லை. கையில் விடச் சம்மதித்தது தன் தவறு என்று ஒவ்வொன்றிலும் எழுதினார். பிறகு காகிதத் துண்டுகளை நனைத்து, ஒவ்வொன்றாக என் மூக்கருகே நீட்டினார். நாலு தடவையும் "தெரியலை" என்றேன். நாலையும் அவ்வளவு மரியாதையாக எழுதிக்கொண்டார். தன் தவறைத் தானே எழுதி வைக்கிற ஆளை நான் வியாபாரத்தில் பார்த்ததில்லை.

மறுநாள் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அத்தர் வாங்க வந்தார். "நீங்களே முகர்ந்து நல்லதா ஒண்ணு கொடுங்க பாய்."

அவர் புறங்கையில் ஒரு சொட்டு விட்டேன். "எனக்கு வாசனை தெரியாதுங்க. கொரோனாவுல போயிடுச்சு. நீங்கதான் சொல்லணும்."

அவர் கையை மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்துவிட்டுக் கையைக் கீழே இறக்கினார்.

"எனக்கும்தான் பாய்," என்றார். "வீட்ல யாருக்கும் தெரியாது."

அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.