நரிக்குட்டியின் அம்மா

நரிக்குட்டிக்கு அம்மா கிடைத்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே அக்கா ஏன் அழுதாள்? ஏழு வயதில் தம்பிக்கு அது புரியவில்லை.

அவர்களுடைய அம்மா இறந்த வருஷம் அது. பள்ளி விட்டதும் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவைத் தேடி அலையும் நரிக்குட்டியைப் பற்றி ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் ஒன்று ஓடும். கீழே வரும் ஆங்கில வரிகளை அக்கா படித்து, ஆளுக்கொரு குரலில் தமிழில் பேசிக் காட்டுவாள். தொடரின் கடைசி நாளன்று பனியில் தாய் நரி அசையாமல் கிடந்தது. "தூங்குறாடா. குட்டி வந்துடுச்சுல்ல, இப்ப எழுந்துடுவா பாரு" என்றாள் அக்கா.

தம்பி வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனார். போன வருஷம் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் கதையை இன்னொரு முறை கேட்டே ஆகவேண்டும் என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. அனிமே ரசிகர் குழுவில் விசாரித்து வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வரவழைத்தார். இங்குள்ள பிளேயரில் அது ஓடாது என்பதால் பிளேயரையும் வரவழைத்தார்.

"ஏம்ப்பா, ஒரு நரியைப் பார்க்க இவ்வளவு பாடா? மிருகக்காட்சி சாலைக்குப் போயிருக்கலாமே" என்று குழு நண்பர் கிண்டலடித்தார்.

"அங்க எங்க அக்கா பேசமாட்டாளே" என்றார் இவர்.

கடைசிப் பகுதி வந்தது. பனியில் தாய் நரி கிடந்தது. இந்த முறை ஆங்கில வரியை அவரே படித்தார். அம்மா இனி எழுந்திருக்கவே மாட்டாள் என்று இருந்தது. அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயதுதான் என்பது அவருக்குச் சுருக்கென்று உறைத்தது. ரிமோட்டை எடுத்து ஒலியை நிறுத்தினார். "தூங்குறாடா" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

உங்களுக்காகக் கதையை மாற்றிச் சொன்னவர் யாராவது இருந்தால், அது இப்போது புரிகிறது என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் இருக்கும்போதே சொல்லுங்கள்.