யாமாவின் வெள்ளைச் சேவல்கள்

கோலாட்டா ஊரில் யாமாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், ஆட்கள் முதலில் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வார்கள். அவள் காதில் விழுந்தால் அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாள். மரவள்ளிக் கீரையில் உப்புக் குறைந்தாலும் சரி, அமெரிக்காவில் ஆட்சி மாறினாலும் சரி, அவளிடம் ஒரு அபிப்பிராயம் தயாராக இருக்கும். அதைக் கேட்காமல் யாரும் அவள் வாசலைத் தாண்ட முடியாது.

உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து, பக்கத்து நாடான கினியாவின் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது, மற்றவர்கள் தலைச்சுமையாகச் சட்டியும் தார்ப்பாயும் கொண்டுவந்தார்கள். யாமா ஒரு கூடையில் வெள்ளைச் சேவல் ஒன்றும் வெள்ளைப் பெட்டை ஒன்றும் கொண்டுவந்தாள். "வீட்டுக்குக் கூரையில்ல, இவளுக்குக் கோழி கேக்குது" என்று ஊரே சிரித்தது. ஒரு வருஷம்கூடச் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். ஊருக்கு அந்நியர் வந்தால், வெற்றிலைபாக்குபோல் மெல்லும் கோலாக்கொட்டையும் வெள்ளைக் கோழியும் கொடுத்து, 'எங்கள் மனசு இப்படித்தான் வெள்ளை' என்று சொல்ல வேண்டும். அவர் கோழியைத் தொட்டுவிட்டால் ஊரின் விருந்தாளி. அதன்பிறகு அவர்மேல் ஊர்க்காரன் எவனும் கை வைக்கக் கூடாது. சண்டைக் காலத்தில் ஊரைக் கொளுத்த வந்த கமாண்டர்கூட முதல் நாள் கோழியை முறையாகத் தொட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள்தான் கொளுத்தினான். மரியாதை தெரிந்தவன் என்று அவனைப் பற்றி இன்றும் சொல்பவர்கள் உண்டு.

அந்தத் தீயில் ஆற்றுப் பாலமும் போனது. ஜீப் வரும் சாலையும் நர்ஸ் இருக்கும் ஆஸ்பத்திரியும் அக்கரையில். ஊர் திரும்பிய முதல் கோடையிலேயே ஆண்கள் காட்டில் மரம் வெட்டி ஆற்றங்கரையில் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் முதல் குழு வந்தது. நாட்டைத் திரும்பக் கட்டியெழுப்ப எங்கோ குளிர்ந்த தேசத்திலிருந்து வந்திருந்த ஹென்ரிக் அதற்குத் தலைவர். நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் வருத்தமாகத் தலையாட்டுவார். கை குலுக்கிவிட்டு ஊர் வழக்கப்படி விரல் சொடுக்குவது மட்டும் கடைசிவரை அவருக்கு வரவில்லை.

"மரத்தை எடுத்துவிடுங்கள்" என்றார் ஹென்ரிக். "பாலம் இல்லாத ஊர்களுக்குத்தான் நாங்கள் பாலம் கட்டுகிறோம். நீங்களே கட்டிக்கொண்டால் பாலம் உள்ள ஊர் ஆகிவிடுவீர்கள்."

ஊர்த் தலைவர் டோக்பாவின் கண்ணில் அன்றே கான்கிரீட் நுழைந்துவிட்டது, கைப்பிடிச் சுவரில் தன் பெயரோடு. மரங்களை ஊர்க் கூடத்துக்கு இழுத்து வந்து பெஞ்சு ஆக்கினார்கள். பாலம் பற்றிய கூட்டங்கள் எல்லாம் அவற்றின்மேல் உட்கார்ந்துதான் நடந்தன, கறையான் தின்று தீர்க்கும்வரை.

ஊரில் வேறு யாரிடமும் வெள்ளைக் கோழி இல்லாததால், ஒவ்வொரு குழு வரும்போதும் தலைவரின் வாயான புளோமோ யாமா வாசலில் வந்து நிற்பார். தலைவரோடு யாரும் நேராகப் பேசக் கூடாது. நீங்கள் புளோமோவிடம் சொல்ல வேண்டும், அவர் உரத்துத் திருப்பிச் சொல்ல, தலைவர் அதைப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வார். தலைவர் சொல்வதும் அதே வழியில் திரும்பும். இத்தனை வருஷப் பழக்கத்தில் புளோமோவின் காதுக்கும் வாய்க்கும் நடுவில் எதுவும் தங்குவதில்லை. வீட்டில் பெண்டாட்டி திட்டினால்கூட ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கோபப்படுவார்.

"யாமாக்கா, பாலத்துக்காக வர்றாங்க. ஒரு கோழி" என்பார்.

"போன தடவையும் பாலத்துக்குத்தான் வந்தாங்க. பாலத்தையும் காணோம், கோழியையும் காணோம்."

"இவங்க வேற. போனவங்க சரியா விசாரிச்சாங்களான்னு விசாரிக்க வர்றாங்க."

திட்டிக்கொண்டே கொடுப்பாள். ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே. தேவையை அளக்க வந்தவர்கள், சமாதானமாக வாழக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள், கற்றது மனதில் நின்றதா என்று பார்க்க வந்தவர்கள், எல்லாருக்கும் ஆளுக்கொரு கோழி. மாமிசமே தொடாத ஒரு பெண்மணி சேவலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வந்தவர்கள் எல்லாரும் கோடையில்தான் வந்தார்கள், மழையில் சாலை சேறு. முழங்கால் அளவுத் தண்ணீரில் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்து, 'பாலம் அவ்வளவு அவசரமில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மழைக்காலத்தில் அந்த ஆறு எப்படி இருக்கும் என்று யாமாவுக்குத் தெரியும். போன மழையில் அவள் மகள் கெபேவுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்காக நின்றது. அக்கரைக்குப் போக வழியில்லாமல், வெள்ளம் இறங்கட்டும் என்று வலியோடு அவளைக் கரையிலேயே படுக்கவைத்துக் காத்திருந்தார்கள். வெள்ளம் இறங்கியபோது குழந்தை போய்விட்டது. அதற்காக யாமா யார் முன்னாலும் அழவில்லை, ஆறு நாட்கள் யாரையும் திட்டாமல் இருந்தாள். ஊர் பயந்துபோனது.

இப்போது கெபேவுக்கு மறுபடி வயிறு. மாதக்கணக்கு நேராக மழைக்குள் போய் விழுந்தது. அன்றிலிருந்து யாமா தினமும் ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் ஏதோ ஒரு குழு, கோலாட்டாவில் வெள்ளைக் கோழிகள் வேகமாகக் குறைந்துவருவதைக் கண்டுபிடித்துக் கவலைப்பட்டிருக்கிறது. கோழித் திட்டம் வந்தது. ஹென்ரிக்கே கூண்டு கூண்டாகக் கொண்டுவந்து இறக்கினார். அத்தனையும் பழுப்பு. அடைகாக்கத் தெரியாத, பையில் வரும் தீனியைத் தவிர வேறெதையும் தொடாத சீமைக் கோழிகள். தீனிப்பை தீர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கோழி கொடுக்க வந்தவர்களை வரவேற்க யாமாவின் கடைசிப் பெட்டையும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சேவல்.

மழை தொடங்கிய பிறகு, யாரும் எதிர்பாராமல், பாலத்துக்குப் பணம் கொடுக்கும் பெரிய இடத்திலிருந்து ஒரு துரை வருவதாகச் செய்தி வந்தது. இந்த மாதத்துக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடுமாம். ஆறு அதற்குள் கரையை முட்டிக்கொண்டிருந்தது.

டோக்பா ஆட்களைக் கூப்பிட்டு, "துரை கால் நனையப்படாது" என்றார். அவ்வளவுதான். இரண்டே நாள். நாலு பெரிய மரங்கள், மேலே குறுக்குக் கம்புகள், பிடித்துக்கொள்ளக் காட்டுக்கொடி. புதுப் பாலம் ஆற்றின்மேல் கிடந்தது. யாமா அதைப் போய்ப் பார்த்தாள். ஏறி நடுவில் நின்று காலால் உதைத்தும் பார்த்தாள். அசையவில்லை. ஆத்திரத்தில் இன்னொரு முறை ஓங்கி உதைத்தாள்.

துரை வரும் காலையில் புளோமோ வந்தார்.

"யாமாக்கா, சேவல்."

"இருக்கு. பாலம் நல்லாத்தான் இருக்கு தம்பி. கெபேவுக்கு இந்த மாசம்தான்."

புளோமோ தரையைப் பார்த்தார். "துரை திரும்பிப் போனதும் பிரிச்சிடணும்னு தலைவர் சொல்லிட்டாரு. ஹென்ரிக் ஐயாவும் அதத்தான் சொன்னாரு. போட்டோல பாலம் தெரியப்படாதாம். நாம பாலமில்லாத ஊரு."

"ஏன்யா, பாலத்துமேல நடந்து வந்தே பாலமில்லன்னு பாப்பாரா?"

"அத நான் கேக்க முடியுமா? நான் கேட்டதச் சொல்றவன்."

யாமா கூடையைத் திறந்து சேவலைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "சரி. சேவல நானே கொண்டாந்து குடுக்கிறேன்" என்றாள். அவள் இவ்வளவு மரியாதையாகப் பேசியபோதே புளோமோ சுதாரித்திருக்க வேண்டும்.

துரை வந்தார். வெள்ளம் காலுக்கடியில் உறும, கொடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகக் கடந்து, இறங்கியதும் நெற்றியைத் துடைத்தார். பாலம் முடியும் இடத்திலேயே வரவேற்பு. தலைவர் நாற்காலியில், பக்கத்தில் புளோமோ, ஊர் மொத்தமும் சுற்றி நின்றது. ஹென்ரிக் போட்டோக்காரரைப் பாலத்துக்கு முதுகு காட்டி நிறுத்திவைத்திருந்தார்.

யாமா வெள்ளைத் தட்டில் கோலாக்கொட்டையும் கக்கத்தில் சேவலுமாக வந்தாள். விஷயம் தெரிந்த துரை இரண்டு கையையும் நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய்ப் பாலத்து முனையில் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள்.

"புளோமோ, தலைவர்கிட்ட சொல்லு" என்றாள் ராகமாக. "நம்ம ஊருக்கு ஒரு அந்நியர் வந்திருக்காரு."

"தலைவரே, நம்ம ஊருக்கு ஒரு அந்நியர் வந்திருக்காரு!" புளோமோவின் குரல் அக்கரைவரை போனது.

"அவரு பேரு பாலம்."

"அவரு பேரு பாலம்!"

"கோலா குடுத்தோம். வெள்ளைச் சேவல் குடுத்தோம். நம்ம மனசு வெள்ளை. இன்னையிலருந்து அவரு நம்ம விருந்தாளி. அவரு மேல கை வெக்கிறவன் ஊரு மேல கை வெக்கிறான்."

கடைசி வார்த்தைவரை மணிமணியாகத் திருப்பிச் சொல்லி முடித்த பிறகுதான் புளோமோவின் வாய் பிளந்தபடி நின்றது. அதற்குள் யாமா சேவலின் நெஞ்சை மரத்தில் மூன்று முறை தொடவைத்து, கைப்பிடிக் கொடியில் அதன் காலைக் கட்டிவிட்டாள். வரவேற்பு என்றால் கை தட்ட வேண்டும் என்று பழகியிருந்த கூட்டம், பழக்க தோஷத்தில் தட்டிவிட்டது.

டோக்பாவின் முகம் ஒருமுறை கறுத்தது, ஒருமுறை சாம்பல் பூத்தது. புளோமோ வாயால் சபையில் வந்த வரவேற்பு தலைவரே சொன்னது மாதிரி. அதைத் திரும்ப எடுக்க எந்த வழியும் இல்லை. அவர் மெல்ல, "ஆகட்டும்" என்றார்.

"ஆகட்டும்!" என்றார் புளோமோ.

மொழிபெயர்ப்பவர் காதில் ஓதியதைக் கேட்டு ஹென்ரிக் பதறினார். "இவர்கள் பட்டியலில் இருந்து போய்விடுவார்கள்!" துரையோ ரொம்ப நெகிழ்ந்துபோனார். உள்ளூர் வழக்கங்களை மதிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசுகிறவர், சேவல் இல்லாமல் வெறும் கோலாக்கொட்டையைக் கடித்து, கசப்பை மறைத்துச் சிரித்தார். போட்டோக்காரர் யாரும் சொல்லாமலே திரும்பிப் பாலத்தையும் சேவலையும் எடுத்துக்கொண்டார்.

கோலாட்டா பட்டியலில் இருந்து போனது. கான்கிரீட் வேறு யாருக்கோ போனதாம், அந்த ஊரில் இன்னும் கூட்டம் நடக்கிறதாம். டோக்பா யாமாவோடு பேசுவதை நிறுத்தினார். நேராகப் பேசும் வழக்கம் முன்பும் கிடையாது என்பதால் அவளுக்கு அது தெரியவே பல நாள் ஆனது. பாலத்தைப் பிரிக்க ஒரு ஆள்கூடக் கத்தி எடுக்கவில்லை.

கெபேவுக்கு வலி கண்ட அன்று விடாத மழை. யாமா மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள். கீழே வேரோடு மரங்களை இழுத்துக்கொண்டு செந்நிறமாக ஓடியது ஆறு. பாதிப் பாலத்தில் கெபே நின்றுவிட்டாள். போன வருஷம் படுத்துக்கிடந்த கரை அங்கிருந்து தெரிந்தது.

"அம்மா, தண்ணி இன்னும் ஏறுதும்மா. கொஞ்சம் இறங்கட்டுமே."

"ஏறட்டும்டி" என்றாள் யாமா. "அது ஏறினா நமக்கென்ன, இறங்கினா நமக்கென்ன? நீ நட."

நடந்தாள். குழந்தை இந்தத் தடவையும் குறுக்காகத்தான் இருந்தது. நர்ஸ் கையை விட்டுத் திருப்பி, நெடுநேரம் போராடி எடுத்தாள். பெண். எடுத்த எடுப்பிலேயே, யார்மேலோ குற்றம் கண்டுபிடித்ததுபோல் கத்தியது. யாமா ஆஸ்பத்திரிச் சுவரில் தலையைச் சாய்த்து, போன வருஷக் குழந்தைக்கும் சேர்த்து, வருவோர் போவோர் பார்க்க வாய்விட்டு அழுதாள்.